கைக்குக் கேட்கும் கோல்: தூண்டில் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

டல்லாஸிலிருந்து விடியுமுன் கிளம்பி லேக் ஃபோர்க் ஏரிக்கு வந்துபோகும் நம் சனிக்கிழமைக் கூட்டாளிகள் அனைவருக்கும்,



போன வாரம் படகுத்துறையில் நீங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு என் காதுக்கு வந்தது. பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரே நீளம், ஒரே வலு, ஒரே விலையில் பன்னிரண்டு கோல்களை மொத்தமாக வாங்கப் போகிறீர்கள். மொத்தமாக எடுத்தால் விலை குறையும், வரும் வசந்தத்தில் எல்லாரும் ஜிக் போட்டுப் பெரிய பாஸ் மீன் பிடிக்கலாம் என்பது கணக்கு. உங்கள் ஆசையில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கணக்கில்தான் உடன்பாடு இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஜிக் கோலுக்கு முதல் வேலை, ஏரியின் அடியில் நடப்பதை உங்கள் கைக்குச் சொல்வது. எறிவதும் இழுப்பதும் அதற்கு அடுத்தவை. பன்னிரண்டு கைகளுக்கும் ஒரே கோல் ஒரே மாதிரி பேசாது. அவரவர் கை, அவரவர் தூக்கும் எடை, அவரவர் நிற்கும் நீர் இவற்றைப் பார்த்துத்தான் கோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்தால் ஒரு தடவையாவது உங்கள் கையாலேயே கட்ட வேண்டும்.

ஜிக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். கிராங்க்பெய்ட் என்னும் செயற்கை இரையைப் போடும்போது ரீலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். தூண்டில் நரம்பு எப்போதும் விறைப்பாக நிற்கிறது. மீன் பாய்ந்து கவ்வினால் மணிக்கட்டே அதிரும், மும்முள் தானாகவே ஏறிவிடும். ஜிக் அப்படிப்பட்டதல்ல. ஓர் ஈயத் தலை, ஒரு தடித்த முள், அதைச் சுற்றி சிலிக்கான் இழைக் குஞ்சம், பின்னால் செருகிய மென்பிளாஸ்டிக் நண்டுக்கால், அவ்வளவுதான். நன்னீரில் பாறை இடுக்குகளில் வாழும் கிரேஃபிஷ், அதாவது சின்னச் சிங்கிறால் போன்ற அந்த உயிரி, தரையில் நகர்வதுபோல அது நடிக்க வேண்டும். நாம் மெல்லத் தூக்குகிறோம், விழ விடுகிறோம். அது விழும்போது, நரம்பு பாதி தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் மீன் எடுக்கிறது.

எடுக்கும் விதத்தையும் கவனியுங்கள். பாஸ் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயை அகலத் திறந்து செவுள் மூடிகளை விரித்தால், உள்ளே பாயும் நீரோடு ஜிக்கும் போய்விடுகிறது. வாயில் பட்டது இரையில்லை என்று தெரிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பிவிடும். இவ்வளவு நடந்தும் நம் கைக்கு வருவது ஒரு சின்ன ‘டிக்’. சில சமயம் அதுகூட இல்லை: நரம்பு பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகரும், அல்லது தரைக்குப் போய்ச் சேர வேண்டிய எடை நடுவிலேயே காணாமல் போகும், அல்லது ஈரத்துணி ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு பாரம் தெரியும். இவற்றைப் பிரித்தறிவதுதான் ஜிக் மீன்பிடி.

நான் இதை மிகத் தாமதமாகக் கற்றேன். முதல் இரண்டு ஆண்டுகள், கிராங்க்பெய்ட்டுக்காகச் செய்த மெத்தென்ற கண்ணாடியிழைக் கோலில் ஜிக்கைக் கட்டி எறிந்துகொண்டிருந்தேன். மீனே இல்லாத பக்கம் நிற்கிறேன் என்று நினைத்தேன். ஒரு மார்ச் காலையில், அதே படகில், அதே மரக்கட்டையருகே ஒரு முதியவர் ஐந்து மீன் எடுத்தார். என் ஜிக்கை அவிழ்த்துத் தன் கோலில் கட்டி என்னிடம் கொடுத்தார். பத்து நிமிடத்தில் எனக்குச் சரளைக்கல் வேறாகவும் களிமண் வேறாகவும் மரப்பட்டை வேறாகவும் தெரிந்தன. அன்று அந்தக் கோலில் நான் ஒரு மீனும் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் எத்தனை மீன்கள் என் ஜிக்கை எடுத்துத் துப்பியிருக்கும் என்று அன்றுதான் புரிந்தது.

உணர்வது பாதி வேலை. மீதிப் பாதிக்கு வலு வேண்டும். மரத்தில் மாட்டாமலிருக்க ஜிக்கின் முள்ளுக்கு முன்னால் ஒரு நார்க்கற்றை நிற்கிறது. நாம் சுண்டி இழுக்கும்போது அந்த நார் மடங்க வேண்டும், தடித்த முள் எலும்பான தாடையில் ஏற வேண்டும், அடுத்த நொடியே மீன் மரத்தைச் சுற்றாமல் வெளியே வர வேண்டும். லேக் ஃபோர்க்கில் இது பேச்சுக்காகச் சொல்வதல்ல. 1980இல் அணையை மூடி நீரைத் தேக்கியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் நீருக்குள் காடாகவே நிற்கின்றன. டெக்சாஸின் சாதனை பாஸ் 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் கிடைத்தது. இங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நாம் ஆசைப்படும் மீன்களில் பெரும்பாலானவை நீருக்கே திரும்ப வேண்டியவை. மெலிந்த கோலில் நெடுநேரம் இழுபட்டுச் சோர்ந்த மீனைவிட, வலுவான கோலில் விரைவாகக் கரைசேர்ந்த மீன் நன்றாக நீந்திப் போகும். ஆகவே வலு நமக்காக மட்டுமல்ல, மீனுக்காகவும்தான்.

நுனி மெல்லிய செய்தியையும் சொல்ல வேண்டும், அடி முரட்டு மீனையும் நகர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே கோலில் சேர்ப்பதுதான் இந்தக் கலையின் கடினம்.

அதற்கு இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கோலை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது ஆக்ஷன். நுனிப்பக்கம் மட்டும் வளைந்து அதற்குக் கீழே விறைப்பாக நின்றால் ஃபாஸ்ட். நடுவரை வளைந்தால் மாடரேட். ஜிக்குக்குப் பொதுவாக மீடியம் ஹெவி அல்லது ஹெவி பவரும் ஃபாஸ்ட் ஆக்ஷனும் பொருந்தும். நுனி அரை அவுன்ஸை வீசும் அளவுக்கு இளகும். நாம் சுண்டும்போது விசை உடனே கோலின் வலுவான பகுதிக்கு இறங்கிவிடும்.

ஆனால் இந்த ‘ஹெவி’க்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஹெவி இன்னொன்றின் மீடியம் ஹெவியாக இருக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் கோலிலும் அந்தச் சொல்தான் எழுதியிருக்கிறது. வலுவுக்கு வேறெந்த அளவும் இல்லை. இந்தக் குழப்பத்துக்கு வில்லியம் ஹானிமேன் என்பவர் ஓர் எளிய வழி சொன்னார். அதற்குக் காமன் சென்ட்ஸ் முறை என்று பெயர். கோலின் அடியைக் கிடைமட்டமாகப் பிடித்து நிறுத்தி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி இறங்கும்வரை அமெரிக்க ஒரு சென்ட் காசுகளைப் போட வேண்டும். எத்தனை காசு விழுந்ததோ அதுதான் பவரின் அளவு. அப்போது நுனி நிற்கும் கோணம் ஆக்ஷனைச் சொல்லும். இன்றைய ஒரு சென்ட் 2.5 கிராம். பாஸ் கோலுக்குக் காசு நிறையத் தேவைப்படும் என்பதால் அதே எடைக்கு மணலோ தண்ணீரோ போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இப்படி அளந்து பார்த்தால் இரண்டு ‘ஹெவி’ கோல்களின் வித்தியாசம் எண்ணாகவே தெரியும்.

ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்ற எழுத்துகளும் அப்படித்தான். அவை ஹெக்ஸல் நிறுவனத்தின் கார்பன் இழைகளுக்குரிய வணிகப் பெயர்கள். எல்லா உற்பத்தியாளரையும் கட்டுப்படுத்தும் தரமுத்திரை அல்ல. இழையின் விறைப்பு கூடினால் அதே வலுவை இன்னும் குறைந்த பொருளில் கொண்டுவரலாம். கோல் இலேசாகும், அதிர்வு தெளிவாக வரும். ஆனால் சுவர் மெல்லியதாவதால் அடிபடுவதைத் தாங்கும் திறன் குறைகிறது. மரத்துக்கு நடுவே, படகின் விளிம்பில் இடித்துக்கொண்டு வேலை செய்யும் நமக்கு, எல்லாவற்றிலும் விறைப்பான இழைதான் எல்லாவற்றிலும் நல்லது என்று சொல்ல முடியாது.

நீளத்துக்கும் ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் டீ தாமஸ் 1970களில் பன்னிரண்டு அடிக் கோலை வைத்துக்கொண்டு, கோரைப் புதருக்குள் ஜிக்கை எறியாமல் மெதுவாக இறக்கிப் போட்டிகளில் வென்றுவந்தார். மற்ற போட்டியாளர்கள் அந்த நீளத்தை எதிர்த்தார்கள். பின்னர் அவர் ஏழரை அடிக் கோலில் அதே வேலையைச் செய்யும் முறையை வகுத்தார். அதுதான் இன்றைய ஃபிளிப்பிங். ஃபென்விக் நிறுவனம் அந்த நீளத்தில் தனிக் கோலே கொண்டுவந்தது. பாஸ் போட்டிகளிலும் எட்டு அடி வரம்பு வந்தது. இதில் நமக்குள்ள பாடம் ஏழரை அடி என்ற எண் அல்ல. தன் நீருக்கும் தன் முறைக்கும் எது பொருந்தும் என்று ஒருவர் யோசித்ததிலிருந்து பிறந்த கோல் அது.

அப்படியே நாமும் யோசிப்போம். புல்லுக்குள்ளும் மரத்துக்குள்ளும் அரை முதல் முக்கால் அவுன்ஸ் ஜிக்கை ஃபிளிப் செய்பவருக்கு ஏழரை அடி, ஹெவி, 50 அல்லது 65 பவுண்டு பின்னல் நரம்பு. ஆழமான கல்திட்டுகளில் ஃபுட்பால் ஜிக்கை உருட்டி இழுப்பவருக்கு ஏழடி மூன்று அங்குலத்துக்கு மேல் நீளம் உதவும். தூரத்தில் தளர்ந்து கிடக்கும் நரம்பை ஒரே வீச்சில் எடுத்துவிட அந்த நீளம் வேண்டும். அவருக்கு 15 முதல் 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் சரி. அது தண்ணீரைவிட அடர்த்தியானது, மூழ்கும். புல்லின் ஓரமாக நீந்தவிடும் ஸ்விம் ஜிக்குக்கு நுனி கொஞ்சம் இளகியிருப்பது நல்லது. இல்லையென்றால் மீன் வாயை மூடுமுன் நாம் பறித்துவிடுவோம். கால் அவுன்ஸ் ஃபினெஸ் ஜிக்குக்கு ஏழடி, மீடியம் ஹெவியே போதும். எல்லாவற்றுக்கும் ஒரே கோல்தான் முடியும் என்பவர், ஏழடி மூன்று அங்குலம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்று தொடங்கலாம்.

ஜிக்கின் எடையை, பின்னால் செருகும் ட்ரெய்லரோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் ஜிக், மென்பிளாஸ்டிக் நண்டைச் செருகியபின் முக்கால் அவுன்ஸை நெருங்கிவிடும். கோலில் எழுதியிருக்கும் எடை வரம்பை அந்த மொத்த எடையோடுதான் ஒப்பிட வேண்டும். ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் தலையும் உண்டு. ஈயத்தைவிட அடர்த்தி கூடியதால் அதே எடைக்குத் தலை சிறியது, கடினமானதால் கல்லைத் தட்டும் ஓசை கைக்குத் துல்லியமாக வரும். நியூ ஹாம்ப்ஷயர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் சிறிய ஈய ஜிக்குகளுக்கே தடை இருக்கிறது. அவற்றை விழுங்கும் லூன் பறவைகள் ஈய நஞ்சால் சாகின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

இனி உங்கள் உடலைப் பாருங்கள். ஜிக் போடும்போது கோலின் நுனியை உயர்த்தி மணிக்கணக்கில் பிடித்திருக்கிறோம். நுனி கனத்தால் மணிக்கட்டு அதைத் தாங்குவதிலேயே களைத்துவிடும். களைத்த கைக்கு ‘டிக்’ கேட்காது. அதனால் கடையில் கோலை வெறுமனே தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ரீலை மாட்டி, ரீலுக்கு முன்னால் எந்த இடத்தில் சமநிலை வருகிறது என்று பாருங்கள். பின்பிடியின் நீளம் ரீலிலிருந்து உங்கள் முழங்கை வரை, அதற்குச் சற்றே குறைவாக இருக்கட்டும். அதைவிட நீண்டால் சுண்டும்போது வயிற்றில் இடிக்கும். குறைந்தால் இரண்டு கையும் சேர்த்து எறிய முடியாது. நம்மில் ஒருவர் ஆறடிக்கு மேல், இன்னொருவர் ஐந்தடி. இருவருக்கும் ஒரே பின்பிடி எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்விதான் என்னைக் கோல் கட்டும் பக்கம் திருப்பியது. கட்டுவது என்றால் கார்பன் குழாயை நாமே வார்ப்பதல்ல. பிளாங்க் எனப்படும் வெறுங்கோலை வாங்கி, பிடியும் ரீல் சீட்டும் வளையங்களும் நம் அளவுக்குப் பொருத்துவது. ஒரு சமையல் மேசை, பொறுமையான சில மாலைகள் போதும்.

முதலில் பிளாங்கை உருட்டிப் பார்க்க வேண்டும். அடியை மேசையில் ஊன்றி நுனியை ஒரு கையால் தாங்கி நடுவில் அழுத்தினால், அது தானாக உருண்டு ஒரு பக்கத்தில் நிலைகொள்ளும். அதை ஸ்பைன் என்பார்கள். வளையங்களை ஸ்பைனைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அப்படி வைத்தால் கோல் முறுகாது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. முறுகுவதற்குக் காரணம் ஸ்பைன் அல்ல. வளையங்கள் கோலின் மேல்பக்கம் இருக்கும்போது, பாரம் ஏறிய நரம்பு அவற்றைக் கீழே திருப்பப் பார்க்கிறது. அதனால் நான் பிளாங்க் எந்தப் பக்கம் நேராக நிற்கிறதோ அந்தப் பக்கத்தைப் பார்த்து வளையம் வைக்கிறேன். முறுக்கே வேண்டாம் என்பவர்கள், ரீலருகே மேலே தொடங்கி, பக்கவாட்டில் திரும்பி, நுனி நோக்கிக் கீழ்ப்பக்கமாகப் போகும் சுருள் வரிசையில் கட்டுகிறார்கள். ஜிக் கோலுக்கு அது அருமையான வழி. கீழே இருக்கும் வளையத்தை நரம்பு திருப்ப வேண்டிய தேவையே இல்லை.

வளையத்தின் எடைக்கு மதிப்புக் கொடுங்கள். நுனியருகே ஏறும் ஒவ்வொரு அரை கிராமும் கோலை மந்தமாக்கும். சிறிய, இலேசான வளையங்களைப் போட்டால் அதே பிளாங்க் இன்னும் தெளிவாகப் பேசும். எண்ணிக்கைக்குத் தொடக்கக் கணக்கு, கோலின் அடி நீளத்தோடு ஒன்று. ஏழரை அடிக்கு எட்டு அல்லது ஒன்பது, நுனிவளையம் தவிர. இடத்தைக் கணக்கு மட்டும் முடிவு செய்யக்கூடாது. வளையங்களை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, கோலை நன்றாக வளையுங்கள். நரம்பு கோலின் வளைவைப் பிசகாமல் தொடர வேண்டும். எங்கே நேர்க்கோடாகக் குறுக்கே வெட்டுகிறதோ அங்கே வளையத்தை நகர்த்துங்கள். இந்த ஒரு மணி நேரத்தை யாரும் மிச்சப்படுத்தக்கூடாது.

பிறகு வளையத்தின் காலை அரத்தால் தேய்த்து மெல்லியதாக்கி, நைலான் நூலால் இடைவெளி விடாமல் சுற்றிக் கட்ட வேண்டும். பூக்கட்டுபவர்கள் தொடுக்கும்போது விரலால் நெருக்கிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நெருக்கம் வேண்டும். அதன்மேல் இரண்டு பாக எப்பாக்ஸியைச் சரிசமமாகக் கலந்து பூசி, சிறு மோட்டாரில் கோலை மெதுவாகச் சுழலவிட வேண்டும். சுழலாவிட்டால் பூச்சு ஒரு பக்கம் வழிந்துவிடும். கலவையில் ஒரு பாகம் கூடினாலும் குறைந்தாலும் அது எத்தனை நாளானாலும் பிசுபிசுத்துக்கொண்டேயிருக்கும். என் முதல் கோல் அப்படித்தான் ஆனது. முழுவதையும் சுரண்டிவிட்டு மறுபடி கட்டினேன். இப்போதும் நான் விரும்பி எடுப்பது அதைத்தான்.

கடையில் வாங்கினாலும் கையால் கட்டினாலும் பராமரிப்பு ஒன்றுதான். மீனைத் தூக்கும்போது கோலைத் தலைக்கு மேலே செங்குத்தாக உயர்த்தாதீர்கள். முழுப் பாரமும் மெல்லிய நுனியில் விழுந்து ஒடியும். ஜிக்கின் முள்ளை வளையத்தில் மாட்டி வைக்காதீர்கள். வளையத்தின் பீங்கான் உள்வட்டத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அது நரம்பை அறுக்கும். தலை பிளாங்கில் மோதி மோதி விழும் காயம் கண்ணுக்குத் தெரியாது. பெரிய மீன் வரும் நாளில்தான் தெரியும்.

இவ்வளவும் சொன்னபிறகு உங்களிடம் மூன்று வேண்டுகோள். மொத்தமாக வாங்குவதை இந்த மாதம் தள்ளிப்போடுங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது ஆளுக்கு அவரவர் ஜிக்குகளைக் கொண்டுவாருங்கள், ட்ரெய்லரோடு நிறுத்துப் பார்ப்போம். என்னிடமுள்ள ஆறு கோல்களையும் கொண்டுவருகிறேன். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஜிக்கை ஆறிலும் மாற்றி மாற்றிக் கட்டி, தரையில் இழுத்துப் பாருங்கள். எது கல், எது மண், எது மரம் என்று உங்களுக்கு எந்தக் கோல் தெளிவாகச் சொல்கிறதோ, அதன் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். விலைச்சீட்டை அப்போது பார்க்க வேண்டாம்.

அதற்கு மேலும் ஆசைப்படுபவர்களுக்கு என் வீட்டுக் கராஜ் குளிர்காலம் முழுவதும் திறந்திருக்கும். ஒரு மோட்டாரும், நூல் தாங்கியும், அரமும் இருக்கின்றன. பிளாங்கையும் வளையங்களையும் நீங்கள் கொண்டுவாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கோல் கட்டினாலும் போதும். ஒருவர் சுற்ற, ஒருவர் பிடிக்க.

அந்த மார்ச் காலையில் என் கையில் கோலைக் கொடுத்த முதியவர், அதன் விலையைச் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஜிக்கைத் தூக்கி இறக்கச் சொல்லிவிட்டு, “இப்போது என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேட்டார். உங்களிடம் நானும் அதையே கேட்க விரும்புகிறேன். உங்கள் கை பதில் சொன்ன பிறகு, எந்தக் கோலை வேண்டுமானாலும் வாங்குங்கள்.

சனிக்கிழமை படகுத்துறையில் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தூண்டில் தோழன்